இரவல் போன கசெட்

சென்ற விடுமுறையில் உம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் அவருடன் ஒன்றாகப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் அங்கே இருக்கிறார். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் ரீச்சர் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு வீடியோ கசெட்டை எடுத்து உம்மம்மாவின் கையில் வைத்தார்.

"இந்தாங்கோ, பாத்திட்டுத் தாறன் எண்டு வாங்கினது. இன்னும் பாக்கேல்லை" என்றார்.

அது 1986இல் சோனகத் தெருவில் நடந்த எங்கள் பெரியம்மாவின் கல்யாண வீடியோ. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் ரீச்சர் அதை இரவல் வாங்கியிருக்கிறார். ஜூனில் மீண்டும் போர் மூண்டது, மின்சாரம் நின்றது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போயின. இரவல் போன இந்த ஒரு கசெட் மட்டும் மிஞ்சியது.

சரியாக ஐந்து வருடங்களுக்குப் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அன்று ரீச்சரும் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார். சான்றிதழ்கள் வைத்திருந்த பைக்குள் எங்கள் கசெட்டும் இருந்தது. "ஆற்றையோ பொருள், என்னெண்டு விட்டிட்டுப் போறது?" என்று அவர் சொன்னபோது, நாங்கள் அமானத் என்று ஓதிப் படித்தது இதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் எங்கள் குடும்பக் கதையைச் சொல்வது மட்டுமல்ல. இந்தக் கல்லூரி மாணவிகளின் வீடுகளிலும் இப்படியான கசெட்டுகள் இருக்கும். அவற்றைக் கணினிக்கு மாற்றுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

கசெட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமான பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பசை போன்ற ஒரு பூச்சில் இரும்பு ஒக்சைட்டுத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. படமும் ஒலியும் அந்தத் துகள்களின் காந்தத்தில்தான் பதிவாகியுள்ளன. பசை ஈரத்தை உறிஞ்சி இளகும்; காந்தமும் காலத்தோடு குறையும். கடற்காற்றும் மாரி மழையும் உள்ள எங்கள் ஊர்களில் பூஞ்சணம் வேறு. எங்கள் கசெட்டின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை அப்படியே டெக்கில் போட்டால் நாடா அறுந்துபோகலாம். டெக்கும் பழுதாகி, அடுத்துப் போடும் கசெட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும். நாங்கள் கொடுத்த கடைக்காரர் முதலில் நாடாவைத் துப்புரவு செய்து, வேறு கூட்டுக்குள் மாற்றி, பிறகுதான் ஓடவிட்டார்.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்ட இயந்திரம் வேண்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையுடன் வீடியோ டெக் செய்வதை நிறுத்தியது. அதற்குப் பின் புதிய டெக் செய்வார் இல்லை. பழையதைத் திருத்தத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கசெட் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே என்டிஎஸ்சி முறை, இங்கே பால் முறை. இரண்டையும் ஓட்டக்கூடிய டெக் இருக்கும் கடையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலக் கசெட்டை மாற்ற இரண்டு மணித்தியாலம் ஓடவே வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

மாற்றியபின் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். ஒரு பென் டிரைவில் மட்டும் வைத்தால் அது தொலைகிற அன்றே எல்லாம் தொலையும். மூன்று பிரதிகள் வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்க வேண்டும். மூலக் கசெட்டையும் எறியாமல் உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஒரே இடத்தில் இருந்தது ஒரே இரவில் போகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் அழிந்தன. வேறு பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் பாதுகாக்கிறது. எங்கள் வீட்டுக் கசெட்டுகளை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

படம் கிடைத்ததும் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். புத்தளத்தில் மௌத்தான உம்மாவின் வாப்பா அதில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறார். அவருடைய குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனால் அடுத்தடுத்து வந்த முகங்கள் யார் யார்? உம்மம்மா பலருக்குப் பெயர் சொன்னார். சிலரை அவருக்கும் தெரியவில்லை. பத்து வருடங்களுக்கு முன் பார்த்திருந்தால் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். ஆகவே கசெட்டை மாற்றுகிற அன்றே வீட்டுப் பெரியவர்களோடு இருந்து பெயர், உறவு, இடம், திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. இதை எழுதுவதற்கு ஏன் பின்வாங்க வேண்டும்?

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. எங்கள் உறவுப் பிள்ளை ஒருவர் ஆசையில் நாற்பது செக்கன் காட்சியை வெட்டி முகநூலில் போட்டுவிட்டார். பெண்கள் பக்கத்துக் காட்சி அது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெரியம்மாவுக்கு எடுத்தார். "அதில் தலை மறைக்காமல் இருப்பது எங்கள் உம்மா. இப்போது உயிரோடு இல்லை. யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. உடனே எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் எடுத்து வைத்தார்கள் என்று யார் அறிவார்?

அன்று அந்த அறையில் இருந்த பெண்கள் கல்யாண வீட்டாரை நம்பித்தான் கமராவின் முன் இருந்தார்கள். அந்த நம்பிக்கையும் கசெட்டோடு எங்களுக்கு வந்த அமானத்துதான். இதற்காகக் கசெட்டை மாற்றவே வேண்டாம் என்று பெரியம்மா சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தோம். பெண்கள் பகுதி வீட்டுப் பெண்களிடம் மட்டும் இருக்கிறது. கடைக்குப் போகும்போதும் வீட்டார் ஒருவர் கூட இருந்து, கடைக் கணினியில் உள்ள பிரதியை அழித்துவிட்டு வருவது நல்லது. இந்த ஏற்பாட்டுக்குப் பெரியம்மாவும் சம்மதித்தார்.

எங்கள் வீட்டில் ஒரு கசெட்டுமே இல்லையே என்று சொல்லும் பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். பழைய அயலவர்களிடமும், வெளிநாட்டுச் சொந்தக்காரரிடமும், உம்மம்மாவின் கூட்டாளிகளிடமும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கைத்தொலைபேசியில் பெரியவர்களின் பேச்சையாவது பதிவு செய்யுங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரிக்குள் யாருடையதோ கசெட்டோ அல்பமோ இருந்தால், இந்த விடுமுறைக்குள் உரியவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். அது அவர்களிடம் மிஞ்சியுள்ள ஒரே பொருளாகவும் இருக்கலாம்.

ரீச்சருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம், அவர் பார்க்கலாம் என்று பெரியம்மா சொன்ன பிறகு. முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்ததை இப்போதுதான் பார்த்து முடித்ததாகச் சொன்னார். உம்மம்மாவுக்குத் தெரியாத இரண்டு பேரின் பெயரையும் அவர்தான் சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டோம்.