கொசுறும் கண்ணியும்

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் கன்சோல் இயந்திரங்களுக்குரிய விளையாட்டுகளைக் கடையிற் சென்று டிஸ்க்காக வாங்கும் வழக்கம் குறைந்து, இயந்திரத்தினுள்ளேயே அமைந்த டிஜிட்டல் கடையில் வாங்கும் வழக்கம் வலுத்துவருகிறது. அக்கடைகளின் விலைமுறையையும், அங்கு வாங்குவோருக்கு அளிக்கப்பெறும் புள்ளிகள் என்ற சன்மானத்தையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இது சிறுவர் பொழுதுபோக்கு. பத்திரிகையின் ஆராய்ச்சிக்குரிய விஷயமன்று எனச் சிலர் நினைக்கக்கூடும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைக்கும் வாலிபனும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியரின் மகளும், பூந்தமல்லியில் கல்லூரிக்குப் போகும் மாணவனும் தம் கைப்பணத்தைச் செலவிடும் இடம் எதுவாயினும், அங்கு நியாயம் நடக்கிறதா என்று கேட்பது நமது கடமையென்றே கருதுகிறோம்.

முதலில் விலையைக் கவனிப்போம். ஸோனி கம்பெனியாரின் ஐந்தாவது பிளேஸ்டேஷன் 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது, டிஸ்க் போடும் வசதியுள்ள இயந்திரத்துக்கு 49,990 ரூபாயும், அவ்வசதியில்லாத டிஜிட்டல் இயந்திரத்துக்கு 39,990 ரூபாயும் விலையாகக் குறிக்கப்பட்டன. அவர்கள் வெளியிட்ட பெரிய விளையாட்டொன்றின் விலை அப்பொழுது 4,999 ரூபாய். டிஜிட்டல் இயந்திரத்தை வாங்கியவன் மிச்சப்படுத்திய தொகை, ஏறக்குறைய இரண்டு விளையாட்டுகளின் விலையேயாகும். அந்தப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஈடாக அவன் எதைக் கொடுத்தான்? கடை வீதியையே விட்டுக்கொடுத்தான். ரிச்சி தெருவில் விலை குறைவா என்று இனி அவன் விசாரிக்க முடியாது. ஆடி முடித்ததை நண்பனிடம் பாதி விலைக்குத் தள்ள முடியாது. நண்பன் தள்ளுவதை வாங்கவும் முடியாது. அவனுக்கு உலகில் ஒரே கடைதான் உண்டு; அக்கடைக்காரரே இயந்திரத்தைச் செய்தவருமாவார்.

ஒரு சோப்புக் கட்டியின் உறைமீது அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட வேண்டுமென்பது நமது நாட்டுச் சட்டம். அவ்விலைக்குக் கீழே விற்பதற்குப் பத்துக் கடைக்காரர்கள் போட்டியிடலாம். அப்போட்டியே வாங்குபவனுக்குக் காவல். டிஜிட்டல் கடையிலோ போட்டியிடுபவர் எவருமில்லை. முன்பு பிற வியாபாரிகள் முழு விளையாட்டுகளுக்குரிய குறியீட்டுச் சீட்டுகளை விற்று வந்தார்கள். 2019 ஏப்ரல் முதல் ஸோனி கம்பெனியார் அவ்வழியையும் அடைத்துவிட்டார்கள். சந்தா விஷயமும் இவ்வாறே. மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் கேம் பாஸ் உயர்தரச் சந்தா 2025 அக்டோபரில் இந்தியாவில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருஷத்துக்கு 6,720 ரூபாய் அதிகச் சுமை. எந்தத் தொழிலாளியின் சம்பளம் ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்தது என்று கேட்கிறோம்.

இவ்விலையின் கசப்பை மறைக்கவே புள்ளிகள் என்னும் சர்க்கரை தடவப்படுகிறது. வாங்க வாங்கப் புள்ளி சேரும். புள்ளி சேரச் சேரச் சலுகை கிடைக்கும் என்பது வாக்குறுதி. வாக்குறுதி எவ்வளவு நாள் நின்றது? ஸோனி கம்பெனியார் 2022-இல் ‘பிளேஸ்டேஷன் ஸ்டார்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். புள்ளிகளோடு, விற்கவோ மாற்றிக்கொள்ளவோ இயலாத டிஜிட்டல் பொம்மைகளும் பரிசாயின. 2025 மே மாதத்தில் திட்டத்தை முடித்துவிடுவதாக அறிவித்தார்கள். அப்பொழுதே புது அங்கத்தினரைச் சேர்ப்பது நின்றது. அவ்வருஷம் ஜூலை 23-க்குப் பின் புள்ளி சேர்ப்பதும் நின்றது. சேர்த்ததைச் செலவிட 2026 நவம்பர் 2 வரை கெடு விதிக்கப்பட்டது. நிண்டெண்டோ கம்பெனியாரோ டிஜிட்டல் வாங்குதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் தங்கப் புள்ளிகள் அளித்து வந்தார்கள்; 2025 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கு ஐந்து குறைத்துக் கொடுத்ததை நிறுத்துவதும், நூற்றுக்கு ஐந்து விலையை உயர்த்துவதும் வாங்குபவனின் மடிக்கு ஒன்றே. ஆயினும் முன்னது விலையேற்றம் என்று அழைக்கப்படுவதில்லை. இதுவே புள்ளித் திட்டத்தின் சூட்சுமம்.

சன்மானம் என்பது நமக்குப் புதிதன்று. காய்கறி வாங்கியவளின் கூடையில் கைப்பிடி கறிவேப்பிலையைக் கொசுறாக இடும் வியாபாரி, அதை எண்ணிக் கணக்கெழுதி, அடுத்த ஆண்டு இது செல்லாது என்று சொல்வதில்லை. இதைவிடச் சிறந்த முன்மாதிரியும் உண்டு. இங்கிலாந்தில் ராக்டேல் நகரத்து நெசவாளர் முதலிய எளியோர் 1844-இல் கூட்டுறவுக் கடை வைத்து, லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டார்கள். 1904-இல் நமது சென்னையிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அத்தகைய சங்கத்தில் அங்கத்தினன் பெறுவது தயவன்று, உரிமை. கடை அவனுடையது, கணக்கைப் பார்க்கவும் வோட்டுப் போடவும் அவனுக்கு இடமுண்டு. டிஜிட்டல் கடையின் புள்ளியோ கொடுத்த கை விரும்பும்போது பிடுங்கிக்கொள்ளும் பொருள். கொசுறு வேறு, கண்ணி வேறு. கண்ணிக்குள் தூவிய தானியத்தைப் பறவை தானமென்று எண்ணலாம். வேடன் அவ்வாறு எண்ணுவதில்லை.

இன்னும் பெரியதோர் ஐயம் எஞ்சி நிற்கிறது. பணம் கொடுத்தவன் எதைத்தான் வாங்குகிறான்? பொருளையன்று, அனுமதியை மட்டுமே. யூபிசாப்ட் கம்பெனியார் ‘தி க்ரூ’ என்ற விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தியபோது, விலை கொடுத்து டிஸ்க்காக வாங்கியவர்கள்கூட அதை ஆட இயலாதவராயினர். நிண்டெண்டோவின் பழைய இரு இயந்திரங்களுக்குரிய கடை 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. இத்தகைய வியாபாரத்தில் ‘வாங்கு’ என்ற சொல்லை எழுதுவதானால், விற்கப்படுவது அனுமதியே என்பதையும் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் சட்டமியற்றி, 2025 ஜனவரி முதல் அமுலில் வைத்திருக்கிறது. அங்குள்ளோர் அறியவேண்டிய உண்மையை ஆவடியில் உள்ளவன் அறியலாகாதா?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. டிஜிட்டல் கடையில் விழாக்கால விலைக்குறைப்பு உண்டு; பொறுத்திருப்பவன் பழைய விளையாட்டைப் பாதிக்கும் குறைவாக வாங்கக்கூடும். விளையாட்டை உண்டாக்கப் பலநூறு கலைஞர்கள் பல வருஷம் உழைக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி வேண்டாமா என்பதும் சரியே. ‘நிபந்தனைகளில் எல்லாம் எழுதியிருக்கிறது, சம்மதித்துத்தானே வாங்கினான்?’ என்பர். இவ்வொரு வாதத்தை மட்டும் நாம் ஒப்பமுடியாது. ஒரு பக்கத்தார் மட்டுமே எழுதி, அவர்களே எப்பொழுது வேண்டுமாயினும் திருத்தி, மறுபக்கத்தார் ‘சரி’ என்று அழுத்துவதன்றி வேறு வழியில்லாத பத்திரத்தை ஒப்பந்தமென்பது சொல்லளவில்தான். நியாயமான காரணமின்றி ஒருவர் தாமே ஒப்பந்தத்தை முடிக்க இடந்தரும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தத்தின் இலக்கணங்களுள் ஒன்றாக நமது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வைத்திருக்கிறது. அத்தகைய வழக்கை மாநில நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம். வழக்கிடுபவன் தான் வசிக்கும் மாநிலத்திலேயே வழக்கிடலாம். பொய் அவசரம் காட்டுதல், சந்தாப் பொறி முதலிய 13 தந்திரங்களைத் தடுக்கும் விதிகளும் 2023 நவம்பரில் வெளியாயின. ஆயுதம் உறையிலே இருக்கிறது, எடுப்பவர்தாம் வேண்டும்.

ஆகவே சர்க்காருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். வழங்கிய புள்ளிகளைக் கம்பெனி வாங்குபவனுக்குப் பட்ட கடனாகக் கருதவேண்டும். திட்டம் முடியுமாயின் மிஞ்சிய புள்ளிக்குரிய பணத்தை அவன் கணக்கிலேயே சேர்க்கவேண்டும். விலைக்குறைப்பு விளம்பரத்துடன், கடந்த மாதங்களில் அப்பொருள் விற்ற விலையையும் காட்டவேண்டும். விற்பது பொருளா அனுமதியா, அது எவ்வளவு காலம் செல்லும் என்பதைத் தமிழ் முதலிய தேசபாஷைகளில் வாங்கும் இடத்திலேயே எழுதவேண்டும். இவற்றுள் எதுவும் வியாபாரத்தைக் கெடுக்காது. நேர்மையான வியாபாரிக்கு நன்மையே செய்யும்.

நமது வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 மார்ச்சில் பழைய பிளேஸ்டேஷன் கடைகளை மூடப்போவதாக அறிவித்த ஸோனி கம்பெனியார், ஜனங்களின் கண்டனத்துக்குப் பின் அடுத்த மாதமே அவற்றுள் இரண்டைத் திறந்து வைக்க இசைந்தார்கள். 2025-இல் ஒரு விளையாட்டுக்கு 80 டாலர் விலை குறித்த மைக்ரோஸாப்ட் கம்பெனியார், ஜூலையில் அதை 70 டாலராக இறக்கினார்கள். வாங்குபவன் வாயடைத்து நிற்கும்வரைதான் விலை விற்பவனுடைய இஷ்டம். டிஸ்க் கிடைக்குமிடத்தில் அதையே வாங்குங்கள். ஒருவர் ஆடியதை மற்றவருக்குக் கைம்மாற்றுங்கள். வெளியான நாளன்றே ஓடாமல் பொறுத்திருங்கள். புள்ளிக்காக வேண்டாததை வாங்காதீர்கள்.

1955 ஜனவரியில் ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம முறையில் அமைந்த சமுதாயமே நமது குறிக்கோள் என்று தீர்மானித்தது. அக்குறிக்கோளைப் பற்றி இன்று பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால், வாங்குபவனும் விற்பவனும் சமமான மனிதராக நின்று பேரம் பேசவேண்டும் என்பதில் இருவேறு அபிப்பிராயம் இருப்பதற்கில்லை. ஒருவன் உழைத்துச் சம்பாதித்த ரூபாய் எங்கும் செல்லும். அதற்கு மாற்றாக அவன் கையில் வைக்கப்படும் புள்ளி மட்டும் செல்லாமற் போவது எந்த நீதி?