கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

நிகழ்தகவு என்றதும், எண்களால் வேடமிட்ட ஊகம் என்று உதறித்தள்ளும் இலக்கிய நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் செல்லும் வழியில், 228 பேருடன் அது அட்லாண்டிக்கில் வீழ்ந்தது. கறுப்புப் பெட்டிகளோடு இணைந்த ஒலிக்கருவிகளின் ஓசைக்காகக் கடலில் செவிமடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே அப்பகுதியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு வேறிடங்களில் தேடினார்கள். ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்தன.

பின்னர் மெட்ரான் நிறுவனத்தின் புள்ளியியலாளர்கள், பேயஸ் தேற்றத்தின் வழிநின்று, தோற்றுப்போன தேடல்களையும் சான்றுகளாகக் கணக்கில் சேர்த்தனர். ஒலிக்கருவிகளே பழுதுபட்டிருந்தால் என்ற ஐயத்துக்கும் இடமளித்தனர். ஒதுக்கப்பட்ட பகுதி மீண்டும் முன்னுக்கு வந்தது. 2011 ஏப்ரலில், புதிய தேடல் தொடங்கிய ஒரு வாரத்திற்குள், ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. மே மாதம் கறுப்புப் பெட்டிகளும் மீட்கப்பட்டன.

இதுவா ஊகம்? "கேட்கவில்லை, ஆகவே அங்கில்லை" என்று முடிவுகட்டியதல்லவா ஊகம்! இல்லை என்று சொல்லுமுன், இருந்திருந்தால் நமக்குப் புலப்பட்டிருக்குமா, அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவு கேட்கிறது. அக்கேள்வியை வெறும் எண் விளையாட்டு என்போர், விடை தெரியாமல் இரண்டாண்டுகள் காத்திருந்த குடும்பங்களிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.