ஏலம் விட்டவனும் வேடிக்கை பார்த்தவனும்

சமுதாய இளைஞனே! வணிகப் பெருமக்களே!

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி இணையத்தில் 'ஏலம்' விட்டார்களே, நினைவிருக்கிறதா? ஆறே மாதத்தில், 2022 புத்தாண்டு அன்று, 'புல்லி பாய்' என்று மீண்டும் கடை விரித்தார்கள். இம்முறை நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள்! பத்திரிகையாளர்கள், சமூகப் பணியாளர்கள்... 2016-ல் டெல்லி ஜே.என்.யு.விலிருந்து காணாமல் போன மாணவர் நஜீபைத் தேடி நீதிமன்றப் படியேறிய தாயையும் அந்தக் கயவர்கள் விட்டுவைக்கவில்லை.

விற்பனை எதுவும் நடக்கவில்லை. பிறகு எதற்கு ஏலம்? வாய் திறக்கும் முஸ்லிம் பெண் கூனிக் குறுகி மூலையில் முடங்க வேண்டும். அதுதான் நோக்கம்!

இதைத் தடுத்திருக்க முடியாதா? டெல்லி காவல்துறை 2021 ஜூலையிலேயே வழக்குப் பதிந்தது. ஆனால் மறு ஆண்டு ஜனவரி வரை ஒருவரைக்கூடக் கைது செய்யவில்லை. இரண்டாவது ஏலம் வந்து நாடே காறித் துப்பிய பிறகுதான் கைதுகள்! இரண்டும் ஏறியது கிட்ஹப் என்ற ஒரே தளத்தில். புகார் வந்ததும் நீக்கினார்கள். ஆனால் அதே வாசல் வழியாகத்தானே அடுத்ததும் நுழைந்தது?

இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மியான்மர் சாட்சி. 2015-ன் தொடக்கத்தில் ஃபேஸ்புக்கில் புகார்களைப் பரிசீலித்தவர்களில் பர்மிய மொழி அறிந்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் 2018-ல் அம்பலப்படுத்தியது. ரோஹிங்கியாக்களை நாய், புழு என்று இழித்த பதிவுகள் அங்கே குவிந்து கிடந்தன. 2017 ஆகஸ்ட் முதல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைக்க வங்கதேசத்துக்கு ஓடினார்கள். தன் பணியில் குறை இருந்ததை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது 2018 நவம்பரில்! விளம்பரக் காசை எண்ண ஆளுண்டு. வசையைப் படிக்க மட்டும் ஆளில்லையா?

வணிகர்களே, இது பெண்கள் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். 2020-ல் 'கொரோனா ஜிஹாத்' என்று செல்போனில் பரப்பிய பொய், காய்கறி வண்டிக்காரரின் வயிற்றில் அல்லவா அடித்தது!

சகோதரனே, ஆத்திரம் வருகிறதா? வரட்டும். ஆனால் பதிலுக்கு அவன் தாயை, தங்கையை வம்புக்கு இழுக்காதே! இன்னொன்றும் கேட்கிறோம்: நம் பெண் ஒருத்தி கருத்துச் சொன்னால், 'இவளை அடக்க வீட்டில் ஆளில்லையா?' என்று நம் வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதுபவன் யார்? கேலியையும் பட்டப்பெயரையும் குர்ஆன் தடுத்திருக்க, அதைப் படித்துச் சிரித்தவர்கள் யார்?

பதிவைப் படமெடுத்து வை. இணைப்பையும் தேதியையும் குறித்து வை. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுது. பெரிய நிறுவனங்கள் அவரை இந்தியாவிலேயே நியமிக்க வேண்டும் என்பது 2021-ல் வந்த விதி. அங்கே நீதி கிடைக்காவிட்டால் 2023-ல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. காவல் நிலையத்துக்கு அந்தச் சகோதரியைத் தனியாக அனுப்பாதே. ஜமாஅத்தாகத் திரண்டு உடன் செல்!

ஏலம் விட்டவன் குற்றவாளி. வேடிக்கை பார்த்தவன்?