வேர் பற்றிய நாணயம் யாருடையது?

உலோகங்காட்டிக் கருவியால் புதையல் தேடும் காணொளிகளை இன்று நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு பார்க்கின்றனர். மரத்தடியில் கருவி ஒலிக்கிறது. மண்ணை விலக்கினால் வேர்களின் பிடியில் ஒரு வெள்ளிக்காசு தெரிகிறது. உடனே வேர் அறுக்கப்படுகிறது. மரத்திற்கு என்ன ஆயிற்று, அக்காசு யாருடையது என்னும் இரு வினாக்களும் பார்ப்பவர் மனத்தில் எழுவதேயில்லை. அதுவே நம் கவலை.

நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. காசுகள் கிடைப்பதும் அங்கேதான். 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த வேரை வல்லுநரைக் கேளாமல் வெட்டலாகாது என்பது பிரிட்டனில் கட்டுமானப் பணிகளுக்கு வகுக்கப்பட்ட நெறி. பொழுதுபோக்குக்குத் தோண்டுவோர்க்கு அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டாமா? கையாலும் மரக்குச்சியாலும் மண்ணைத் தளர்த்திப் பார்க்கலாம். வராவிட்டால் காசை விட்டுவிடுவதே முறை என்போம். நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் தர்மமே எனக் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

உரிமை பற்றிய வினா இதனினும் கடினமானது. சூரத்துல் கஹ்ஃபில், இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரிய புதையல் ஒரு சுவரின் கீழ் இருந்ததையும், கூலி வாங்காமல் அச்சுவர் நிமிர்த்தப்பட்டதையும் ஓதுகிறோம். மண்ணுக்குள் இருப்பதால் ஒரு பொருள் உரிமையாளர் அற்றதாகிவிடாது. இஸ்லாத்திற்கு முந்தைய காலத்தவர் புதைத்தது ‘ரிகாஸ்’. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிமொழி. ஷாஃபிஈ மத்ஹபில் இது தங்கத்திற்கும் வெள்ளிக்குமே உரியது. நிஸாப் அளவும் வேண்டும், ஆனால் ஓராண்டு நிறைவடையக் காத்திருக்க வேண்டியதில்லை. இஸ்லாமியக் காலத்து முத்திரை இருந்தால் அது கண்டெடுத்த பொருளாகிய ‘லுகதா’. உரியவரைத் தேடி ஓராண்டு அறிவிக்க வேண்டும். பிறருடைய நிலத்தில் கிடைத்தால் முதலில் நிலத்துக்காரரிடமே செல்ல வேண்டும். ஹனஃபி சட்டத்தில் வேறுபாடுகள் உண்டு; தத்தம் ஊர் ஆலிம்களைக் கேட்டுக்கொள்க.

நாட்டுச் சட்டமும் உண்டு. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் புதையல் எனத் தெரிந்த 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் சட்டம். 2007இல் யார்க்ஷயரில் ஒரு தந்தையும் மகனும் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கண்டனர். அதில் 617 நாணயங்கள் இருந்தன. சமர்கந்தில் அச்சான திர்ஹமும் அவற்றுள் ஒன்று. எத்தனை ஆசை எழுந்திருக்கும்! ஆயினும் உள்ளிருப்பதை வயலிலேயே தோண்டிக் கொட்டாமல், அப்படியே உரிய அலுவலரிடம் ஒப்படைத்தனர். அவ்விருவரும் நம் மார்க்கத்தவர் அல்லர். அமானிதத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அது தடையன்று. பின்னர் அருங்காட்சியகங்கள் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அதனை வாங்கின.

கிடைத்த காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கத்தையும் கைவிடச் சொல்ல வேண்டும். அதிலுள்ள எழுத்தைக் கொண்டே அது ரிகாஸா லுகதாவா என்று தீர்மானிக்கிறார்கள். எழுத்து அழிந்து காலம் தெரியாமற் போனால், ஷாஃபிஈ சட்டப்படி அது லுகதாவாகவே கொள்ளப்படும். ஓராண்டு அறிவித்தாக வேண்டும்.