உப்பு ஏன் சாம்பலாத் தெரிஞ்சுது?

இந்த வருசம் ஏழு ஞாயிற்றுக்கிழமை நான் வயலுக்குப் போகலை. தூத்துக்குடியில நடந்த ஒரு ஆரம்பநிலை டிஜிட்டல் புகைப்பட வகுப்புக்குப் போனேன். கல்யாண வீட்டுப் படம் எடுக்கப் பழக வந்த பையன்கள், யூடியூப் சேனல் ஆரம்பிச்ச ரெண்டு பொண்ணுங்க, இவங்களுக்கு நடுவுல ஐம்பத்தி நாலு வயசுல நான். "வாழைக்கு மண் அணைக்க ஆளைக் காணோம், இவிய படம் புடிக்கப் போறாவளாம்"னு வீட்டுல ஒரே கேலி. நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் சிரிப்பு வரலாம். ஆனா எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை. காரணத்தைச் சொல்லுதேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. தாமிரபரணி கரை மீறி வந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரமே முங்கிப் போச்சு. குலை தள்ளுற பருவத்துல இருந்த என்னோட ஒன்றேகால் ஏக்கர் வாழையும் சாஞ்சிருச்சு. தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் செல்போன்ல இருபது படம் எடுத்தேன். பிற்பாடு கணக்கெடுக்க வந்தவர்கிட்ட காட்டினேன். அவர் ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, எல்லாத்துலயும் தண்ணியும் சேறும்தான இருக்கு. இது உங்க வயல்னு எதை வச்சுச் சொல்ல?"ன்னு கேட்டார்.

அவர் கேட்டதுல தப்பில்லை. ஒரு படத்துல கூட என் மோட்டார் ரூம் இல்லை, வரப்பு ஓரத்துப் பனை இல்லை, கிணறு இல்லை. போன்ல லொக்கேஷனும் போட்டு வைக்கலை. மழைக்கு முன்னால வாழை எப்படி நின்னுதுன்னு காட்ட ஒரு படமும் கிடையாது. கடைசியில அரை ஏக்கர்தான் கணக்குல ஏறுச்சு. என் கண்ணுக்குத் தெரிஞ்ச நஷ்டம் நான் எடுத்த படத்துல இல்லை. அதுதான் என்னை அந்த வகுப்புக்குத் துரத்துச்சு.

மகனோட கூட்டாளி ஒருத்தன் பழைய நிக்கான் டி3200 கேமராவை இரவல் தந்தான். முதல் ரெண்டு வாரம் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓன்னு வாத்தியார் தம்பி சொன்னது ஒண்ணும் மண்டையில ஏறலை. அப்புறம் நானா ஒரு கணக்குப் போட்டேன். வெளிச்சம்கிறது வாய்க்கால் தண்ணி. அப்பர்ச்சர் மடை. அகலமாத் திறந்தா பாத்தி சீக்கிரம் நிறையும். ஷட்டர், மடை எம்புட்டு நேரம் திறந்திருக்குங்கிறது. ஐஎஸ்ஓ, தண்ணி கம்மியான கிணத்துல மோட்டாரை இழுத்து ஓட்டுற மாதிரி. தண்ணி வரும், சேறும் சேர்ந்து வரும். ஐஎஸ்ஓவைக் கூட்டினா படத்துல புள்ளி புள்ளியா வருதே, அதுதான் அந்தச் சேறு. ஒரு விசயம் மட்டும் தலைகீழ். எஃப் எண் கூடக்கூட மடை சின்னதாகும். எஃப் 3.5 பெரிய வாய், எஃப் 16 சின்ன வாய்.

ஐந்தாவது ஞாயிறு காலையில எங்களை உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உப்பு உற்பத்திக்குப் பேர் போனது நம்ம மாவட்டம். குவிச்சு வச்ச உப்பு கண்ணைப் பறிக்குது. அதுக்கு முன்னால தலையில உப்புச் சட்டியோட ஒரு அம்மா வந்தாங்க. கேட்டுட்டு ஒரு படம் எடுத்தேன். பார்த்தா, உப்பு அழுக்குச் சாம்பலா இருக்கு. அந்த அம்மா முகத்தைக் காணோம், கருப்பா ஒரு நிழல்.

வாத்தியார் தம்பி விளக்கினார். கேமராவுக்குள்ள இருக்கிற மீட்டருக்கு உப்பும் தெரியாது, மனுசனும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாத்தான் ஆக்கப் பார்க்கும். வெள்ளையை மங்க வைக்கும். நம்ம கரிசல் மண்ணைக் காட்டினா அதை வெளுக்க வைக்கும். "பிளஸ் ஒண்ணு வைங்க அண்ணாச்சி, முகத்துக்கு மீட்டர் பாருங்க"ன்னார். வச்சேன். உப்பு கொஞ்சம் வெளிறுச்சு. ஆனா அந்த அம்மா முகம் வந்துருச்சு. நெத்தி வேர்வை கூடத் தெரிஞ்சுது. காட்டினதும், "நல்லாத்தான் இருக்கேன்"னு சிரிச்சாங்க.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. ஆட்டோவுல விட்டா, யார் தெரியணும், யார் தெரிய வேண்டாம்னு மிஷின் முடிவு பண்ணிடுது. அந்த மிஷினும் யாரோ ஒருத்தர் போட்ட கணக்குதான். ஃபிலிம் காலத்துல கோடாக் கம்பெனி நிறம் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு'ன்னு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படத்தை வச்சிருந்தாங்களாம். அந்தத் தோலுக்குத் தோதா நிறம் அமைச்சா நம்ம தோல் எப்படி வரும்?

அதனால என் கருத்து இதுதான். படம் எடுக்கிற அடிப்படையை விவசாயிக்கும், மீனவருக்கும், உப்பளத் தொழிலாளிக்கும் சொல்லித் தரணும். இன்னைக்குப் பயிர் நஷ்டமும், வீடு இடிஞ்சதும் படமாத்தான் மேல போகுது. மனு எழுதத் தெரியாம எங்க தாத்தா காலத்துல எழுதுறவரைத் தேடி அலைஞ்சாங்க. நாம கையில போனை வச்சுக்கிட்டே அலையுதோம். பெரிய கேமரா வேண்டாம். பள்ளிக்கூடத்துலயோ உழவர் குழுக்கள்லயோ நாலு வகுப்பு போதும்.

இது நடக்காத காரியமும் இல்லை. மதுரையில மீன் வித்த ஒரு தாயோட மகன் பழனிகுமார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செஞ்சவர். சாய்நாத் தொடங்கின 'பாரி' இணையதளத்துக்காக நம்ம தூத்துக்குடி உப்பளங்களைப் படம் எடுத்தவரும் அவர்தான். உழைக்கிற மக்களோட பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லியும் தராரு. அவர் எடுத்த உப்பளப் படங்களைப் பாருங்க. முகம் தெரியும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். லீவுக்கு இங்க வந்து, சாயங்கால வெயிலுக்கு எதிர்ல கருப்பு உருவமா எங்களை எடுத்துட்டுப் போறீங்க. அழகாத்தான் இருக்கு. கூட ஒண்ணு முகம் தெரியவும் எடுங்க. பேரு என்னன்னும் கேளுங்க. இந்தக் கடல்ல 1961-ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்துச்சு. நான் பார்த்த பழைய படங்கள்ல 'முத்துக்குளிப்பவர்'னுதான் போட்டிருக்கு. அவர் யாரு, எந்த ஊருன்னு ஒண்ணும் இல்லை.

இப்போ மாசம் ஒண்ணாந்தேதி காலையில, அதே வரப்புல, அதே இடத்துல நின்னு ஒரு படம் எடுக்கேன். மோட்டார் ரூம் இடது ஓரம், பனை வலது ஓரம், நடுவுல வாழை. லொக்கேஷன் போட்டாச்சு. அடுத்த மழை எப்ப வரும்னு தெரியாது. இந்தத் தடவை படம் இருக்கு.