இடர்க்காலத்து வழிபாடும் அடக்கமும்

இடர் வந்தபோது இறைவனை நினையாதார் உலகில் அரியர். நாத்திகம் பேசுவோரும் நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் விழித்திருக்கும் இரவிலே தம்மையறியாது கைகூப்பி விடுவர் என்று எம் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நகைத்துக்கொண்டே சொல்வதுண்டு. அந்நகைப்பில் அக்காலத்தில் எனக்கும் உடன்பாடு இருந்தது. இடர் நீங்கிய மறுநாளே கூப்பிய கைகள் தளர்ந்துவிடுகின்றனவே, அதனைப் பத்தி எனக் கொள்ளுதல் எங்ஙனம் என்று மாணவப் பருவத்தில் நானும் வாதிட்டிருக்கிறேன். இன்று ஐம்பது வயதைக் கடந்து, வன்னி நிலத்தின் இடர்களுக்குள் அகப்பட்டு எழுந்தவர்களுள் ஒருவனாய் நின்று, அவ்வினாவை மீண்டும் எடுத்து ஆராய விழைகின்றேன். இடர்க்காலத்து வழிபாடு மெய்யானதுதானா? ஆமெனின், அதனை மெய்யாக்குவது யாது?

ஆராயப் புகுமுன் என் குறையொன்றைச் சொல்லிவிடுதல் முறை. 2009ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பிலே ஆயிரமாயிரம் குடும்பங்களோடு எம் குடும்பமும் கிடந்தது. பதுங்குகுழியின் மேல் அடுக்கிய மண்மூட்டைகள் வீட்டுப் பெண்களின் சேலைகளைக் கிழித்துத் தைத்தவை. என் மனைவியின் கூறைச் சேலையும் அவற்றுள் ஒன்றாயிற்று. எறிகணைகள் விழத் தொடங்கினால் நான் தேவாரம் ஓதுவேன். குழந்தைகள் என் மடியைப் பற்றிக்கொண்டு உடன் ஓதுவர். ஒருநாள் மாலை, வரும் கணையின் ஒலி எம் தலைக்கு நேரே கேட்டது. பாட்டு நின்றுவிட்டது. “இறைவா, இங்கே விழாதிருக்கட்டும்” என்ற ஒரே சொற்றொடர்தான் என் நெஞ்சில் எஞ்சியது. கணை அங்கே விழவில்லை. பத்து முழத்துக்கு அப்பால் மற்றொரு குழியில் விழுந்தது. என் வாய் உடனே இறைவனுக்கு நன்றி சொல்லிற்று. அதன் பின்னரே அக்குழியிலிருந்து எழுந்த ஓலம் என் காதில் ஏறியது.

அந்த நன்றியை நான் இன்றுவரை மறந்திலேன். என் மக்களைக் காக்க வேண்டியது பிழையென்று எவரும் சொல்லார், நானும் சொல்லேன். ஆயினும், ‘இங்கே விழாதே’ என்னும் வேண்டுதலுக்குள் ‘அங்கே விழுக’ என்னும் வேண்டுதல் ஒளிந்திருந்ததை நான் அன்று கண்டுகொண்டேன். அச்சம் மிகுந்தவிடத்து வழிபாடு எத்துணை எளிதாகத் தன்னலமாய்க் குறுகிவிடும் என்பதனை எனக்கு எந்நூலும் அதற்குமுன் இவ்வாறு கற்பித்ததில்லை.

திருக்குறளிலே தவம் என்னும் அதிகாரம் இருபத்தேழாவதாய் வைக்கப்பட்டுள்ளது. அதன் முதற்பாட்டில் வள்ளுவர் தவத்தின் வடிவத்தை வரையறுக்கிறார். காட்டுக்குச் செல்லுதலையோ, உடலை வாட்டுதலையோ அவர் அங்கே பேசவில்லை. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தல், பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாதிருத்தல் என இரண்டே உறுப்புகளைக் கூறி நிறுத்திவிடுகிறார். இப்பகுதியை ஆண்டுதோறும் மாணவருக்கு நடத்தி வந்தவன் நான். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு யாவும் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் உறுப்பு எத்துணை அரியது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை, அறிந்தால்தானே சொல்வது! துன்பத்தைப் பொறுத்தற்கு வழிபாடு துணை செய்யும். துன்பப்படுகின்ற காலத்திலேயே பிறர்க்குத் துன்பம் செய்யாதிருத்தற்கு அடக்கம் வேண்டும். பசித்தவன் அடுத்தவன் பங்கில் கைவையாதிருப்பதும், அஞ்சியவன் அடுத்தவனைத் தள்ளிக்கொண்டு ஓடாதிருப்பதும், புண்பட்டவன் தன் சினத்தைத் தன் மனைவி மக்கள்மேல் இறக்காதிருப்பதும் அவ்வடக்கத்தின்பாற் படும்.

அதனை நான் ஒரு மூதாட்டியிடம் கண்டேன். அதே மணற்பரப்பில், அரிசியும் தண்ணீரும் மட்டும் இட்டுக் காய்ச்சிய கஞ்சியே பலருக்கு ஒருநாளைய உணவாயிருந்தது. வரிசையில் நின்று பெற்ற கஞ்சியை அவ்வாச்சி உடனே பருகமாட்டார். கண்மூடி நின்று, பின் தம் பாத்திரத்திலிருந்து ஒரு சிரட்டையளவு வேறாக எடுத்து வைப்பார். “ஆச்சி, உங்களுக்கே காணாதே” என்று ஒருநாள் சொன்னேன். “பின்னாலை ஒரு பிள்ளை நிக்கும், வாத்தியார். அதுக்கு இருக்கட்டும்” என்றார். வரிசையின் கடையில் நின்ற ஏதோவொரு குழந்தைக்கு அது நாள்தோறும் சென்றது. என் தேவாரத்துக்கும் ஆச்சியின் கண்மூடலுக்கும் இடையே இருந்த தூரத்தை அந்தச் சிரட்டை எனக்கு அளந்து காட்டிற்று. இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படும்போது, இளைஞர்க்கு அது நினைவுச் சடங்காய்த் தோன்றலாம். எனக்கு அது ஒரு நோன்பாகவே தோன்றுகிறது.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இடர் துரத்த இறைவனிடம் ஓடிவந்தவர்களுள் தலையாயவர் நாவுக்கரசர். சூலை நோயின் கொடுமை தாளாது, தாம் சார்ந்திருந்த சமயத்தாரின் மந்திரமும் மருந்தும் பயன்படாமையால், தமக்கையார் திலகவதியாரிடம் வந்து வீழ்ந்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். வயிற்றுவலிக்காக வந்த பத்தியென்று அதனை நகையாடுவார் உளரோ? வலி நீங்கிய பின்னும் அவர் திரும்பிச் சென்றிலர். உழவாரப் படையைக் கையிலேந்தித் தலந்தோறும் புல் செதுக்கி முதுமைவரை உழைத்தார். அவர் வழிபாட்டை மெய்யாக்கியது அவ்வுழைப்பேயாம்.

எனினும் வன்னியில் இருந்து பெரிய புராணத்தைப் படிப்பவனுக்கு நாவுக்கரசரினும் திலகவதியாரே நெஞ்சிற்கு அணியராகிறார். பெற்றோரை இழந்தவர்; தமக்கென உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையாரைப் போர்க்களத்திற் பறிகொடுத்தவர். உயிரை விடத் துணிந்தவர், தம்பியின் பொருட்டு அத்துணிவைத் தாமே அடக்கிக்கொண்டார். எல்லா உயிர்கள்மீதும் இரக்கம் பூண்டு, இல்லத்திலிருந்தே தவம் புரிந்தார். திருவதிகைக் கோயிலில் அலகிட்டும் மெழுகியும் பணிசெய்து, தம்பிக்காக வேண்டிக் காத்திருந்தார். போர் துணைவரைக் கொண்டுபோக, எஞ்சிய உயிர்களைத் தாங்கும்பொருட்டு வாழ்ந்த பெண்களை ஏட்டில் தேடவேண்டியதில்லை. விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் தருமபுரத்திலும் ஊர்க்கொரு திலகவதியார் உளர். அவர்கள் அலகிடுவதும் மெழுகுவதும் பிறர் வீடுகளில், வேறுபாடு அவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையாகாது. ‘துன்பப்பட்டவர்க்கே பொறுமையும் அடக்கமும் போதிக்கிறீர், நீதி கேட்கும் வாயை அடைக்க இதனினும் நல்ல வழி உண்டோ?’ என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவன் தமையன் போரின் இறுதி நாள்களிற் காணாமல் ஆக்கப்பட்டவன். அவன் கேட்டது தக்க கேள்வி. வாய்மூடியிருத்தல் அடக்கமாகாது. கிளிநொச்சியிலே கந்தசுவாமி கோயிலின் முன்பாக 2017 பெப்ரவரி 20ஆம் நாள் தாய்மார் சிலர் வந்து அமர்ந்தனர். காணாமல் ஆக்கப்பட்ட தம் மக்கள் எங்கே என்று அவர்கள் கேட்டனர். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் அக்கேள்வி தொடர்ந்தது. விடை பெறாமலே கண்மூடிய தாய்மார் பலர். அவர்கள் கல்லெடுத்தாரில்லை, தீயிட்டாரில்லை. தேங்காய் உடைத்து முறையிட்டனர். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். சினமில்லாதவராலும் அங்ஙனம் அமர்ந்திருக்க முடியாது. சினத்துக்கு அடிமையானவராலும் முடியாது. அடக்கம் என்னும் சொல்லுக்கு உரை வேண்டும் மாணவர் அப்பந்தலைக் கண்டு வருக என்பேன்.

வழிபாடு மனிதரை வினையற்றவராக்கும் என்ற கூற்றுக்கும் நம் நாட்டு வரலாறே விடை சொல்லும். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் பரவியபோது ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? சைவ நூல்களைப் பதிப்பிப்பதையே உயிர்ப்பணியாய்க் கொண்ட அவர், கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். சிவபூசை தவறாத அக்கைகளே கஞ்சிக்காகப் பொருள் திரட்டவும் நீண்டன.

அடக்கத்தின் எல்லை குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். நம்மவர் துன்பத்துக்கு மட்டும் நெகிழும் நெஞ்சம் அடங்கிய நெஞ்சமன்று. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அன்று நம்முள் எத்துணைப் பேர் அவர்கள்பொருட்டு ஒருவேளை உணவை விலக்கி இறைவனிடம் முறையிட்டோம்? நான் செய்திலேன். ஐந்தாண்டின் பின் யாழ்ப்பாணமே பெயர்ந்து வன்னிக்கு வந்தபோதும், அதற்குப் பதின்மூன்றாண்டின் பின் வன்னியே பெயர்ந்தபோதும் நான் அதனை நினைந்து வெட்கினேன். தன் வீடு இழந்த பின்னரே பிறன் வீடு இழந்தது உறைத்தது எனில், நெடுங்காலம் நான் ஓதிய ஓத்துக்கு என்ன பயன்?

ஆதலின், அடக்கத்தை இடர் வரும்வரை கற்காமலிருப்பது பேதைமை. யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளை அறியாத தமிழ் வாசகர் சிலரே. 1872இல் தோன்றி 1964இல் மறைந்த அவ்வருளாளர், துறவு பூணுமுன் நம் கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பணியிற் களஞ்சியக் காப்பாளராகச் சில ஆண்டுகள் தொழில் பார்த்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பகலில் களஞ்சியக் கணக்கு, இரவில் தியானம் என்று அவர் காலம் கழிந்தது. காடு சூழ்ந்த இந்நிலத்தில் அவர் பயின்றது யாதோ, அதுவே பின்னாளில் ஆயிரவர்க்கு நிழலாயிற்று. பெருந்துன்பம் எதுவும் துரத்தாத நாள்களிலே, சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு நடுவே, மனத்தை அடக்கப் பழகினார். மாணவர்க்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊர் வழிபாட்டு மரபும் இதையே வேண்டுகிறது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை எண்ணிப் பார்க்க. வைகாசித் திங்களின் அப்பெருநாளுக்கு முன்னரே பாக்குத் தெண்டல் நிகழும். கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து வருவர். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே அவ்வுப்புநீரில் விளக்கெரியும். நாள்கள் பல காத்திருந்து, நோன்பிருந்து, அதன் பின்னரே பொங்கல். வேண்டுதலுக்கு முன்னே காத்திருத்தலை வைத்த முன்னோர் பொருளறிந்தே வைத்தனர்.

இன்றோ நாம் காத்திருப்பதில்லை. வெடியோசை ஓய்ந்தமைக்கு நன்றி சொன்ன நாமே, திருவிழாத் தோறும் ஒலிபெருக்கியால் அயலிலுள்ள நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்கிறோம். இடிந்த கோயிலைக் கட்டியெழுப்பியது நன்று. அடுத்த ஊர்க் கோபுரத்தினும் ஒரு முழம் உயர்த்த வேண்டுமென்ற போட்டி எதற்கு? காவடி எடுத்த தோளோடு மதுச்சாலைக்குப் போகும் இளைஞரையும் காண்கிறோம். அவர்களை மட்டும் நொந்து பயனில்லை. பதுங்குகுழியில் நாம் எப்படி வேண்டினோம் என்பதைச் சொன்ன நாம், அங்கே ஆச்சி எப்படி எடுத்து வைத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டோம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. காலைப் பிரார்த்தனையில் மாணவர் பாடி முடித்தபின், ஒருகணம் பேசாதிருக்கச் செய்யுங்கள். அக்கணத்தில் அன்று தாம் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றை, சிறிதேயாயினும், எண்ணிக்கொள்ளச் செய்யுங்கள். உணவுப் பொதியில் ஒரு பங்கு, வரிசையில் ஓர் இடம், நாவின் நுனியில் வந்த ஒரு சுடுசொல், இவை போதும். மீண்டும் ஓர் இடர் வாராதிருக்க இறைவன் அருளுக. வருமாயின், அப்பழக்கம் அவர்களைக் காக்கும். அவர்கள் அருகிலிருப்போரையும் காக்கும்.

நான் இப்போதும் தேவாரம் ஓதுகிறேன். ஓதி முடிந்ததும் பத்து முழத்துக்கு அப்பாலிருந்த அக்குழியில் இருந்தோரை நினைந்து, அவர் பெயர்களை ஒவ்வொன்றாய் மனத்துட் சொல்லுவேன். அதன் பின்னரே உணவுண்ண அமர்வது.