பெற்றவளைக் காணோம்

கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தை ஆளும் ஹேடிஸ் இப்போது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறான். ஆள் முழுக்க நீலம். பெரிய நிறுவனத்தின் முதலாளி, கூடவே நாய்கள், போதாததற்குத் தீராத தனிமை. அவன் மனதைக் கலைக்கும் பெர்செபொனி இளஞ்சிவப்பு. உதவித்தொகையில் படிக்க நகரத்துக்கு வந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பெண். நியூசிலாந்து ஓவியர் ரேச்சல் ஸ்மைத் 2018இல் வெப்டூன் இணையதளத்தில் தொடங்கி 2024 வரை வரைந்த ‘லோர் ஒலிம்பஸ்’ இப்படித்தான் போகிறது. 2021 முதல் புத்தகத் தொகுதிகளாகவும் வருகிறது. இணையக் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதை 2022இலும் 2023இலும் அடுத்தடுத்துப் பெற்றது.

ஸ்மைத்தின் கைத்திறனைச் சொல்லாமல் குறை சொல்லத் தொடங்குவது நேர்மையாகாது. கைபேசியில் கீழ்நோக்கித் தள்ளித் தள்ளிப் படிப்பதற்கென்றே எழுந்த வடிவம் இது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறாரோ அவ்வளவு நேரம் பாத்திரம் தயங்குகிறது. ஒவ்வொரு கடவுளுக்கும் ஒரு நிறம் என்பதால், இருட்டு அறையில் ஒரு கை மட்டும் தெரிந்தாலும் யாருடையது என்று புரிந்துவிடுகிறது. நீலத்தின் பக்கத்தில் இளஞ்சிவப்பு வந்து நின்றாலே வாசகருக்கு நெஞ்சு படபடக்கும், வசனம் தேவையில்லை. அச்சுப் புத்தகத்தில் அந்தப் படபடப்பு பாதிதான்.

பழைய கதைக்குப் போவோம். ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களில் பெர்செபொனியின் தாயும் விளைச்சல் தெய்வமுமான டெமெட்டருக்கு உரியது ஏறக்குறைய ஐந்நூறு வரி. தோழியரோடு பூப்பறிக்கும் பெண்ணை மயக்க, ஸியுஸின் விருப்பப்படி, ஒரே வேரில் நூறு பூ பூத்த நார்சிசஸ் செடியைப் பூமித்தாய் முளைக்க வைக்கிறாள். பெர்செபொனி இரண்டு கையையும் நீட்டுகிறாள். தரை பிளக்கிறது, ஹேடிஸின் பொன் தேர் வருகிறது. தேரில் போகும்போது அவள் கத்திக் கூப்பிடுவது தகப்பன் ஸியுஸை. அந்தத் தகப்பன்தான் தன் அண்ணனுக்கு அவளைக் கொடுக்கச் சம்மதித்தவன். கூப்பிட்ட நேரத்தில் அவன் எட்டாத தொலைவில், தன் கோயிலில் காணிக்கை வாங்கிக்கொண்டிருக்கிறான். பண்டைக் கிரேக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது தகப்பனின் உரிமை. பெண்ணையோ பெற்றவளையோ கேட்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் ஹேடிஸ் முறையான மாப்பிள்ளை. பாடலின் கொடுமையே அதுதான்.

பிறகு பாடலின் பெரும்பகுதி தாயுடையது. ஒன்பது நாள் தீப்பந்தத்தோடு, அன்ன ஆகாரமில்லாமல் அலைகிறாள். கிழவி வேடத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பவளை யாரென்று கேட்கிறார்கள். தன்னைக் கடற்கொள்ளையர் கிரீட்டிலிருந்து பலவந்தமாகக் கடத்தி வந்துவிட்டதாகக் கதை கட்டிச் சொல்கிறாள். மகளுக்கு நேர்ந்ததைத் தனக்கு நேர்ந்ததாகச் சொல்லும் இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் சும்மா கடந்து போக முடிவதில்லை. கடைசியில் விளைச்சலை நிறுத்துகிறாள்; மனிதர்கள் பட்டினி, தேவர்களுக்குப் படையல் இல்லை. ஸியுஸ் இறங்கி வந்தது இதற்குப் பிறகுதான்.

காதல் கதையாக மாற்றும்போது இந்தத் தாயை என்ன செய்வது? ஸ்மைத் அவளை மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்து மூச்சுமுட்ட வைக்கும் அம்மாவாக்கிவிட்டார். அவருக்கு முன்பே, 12 தொகுதிகளாக ‘ஒலிம்பியன்ஸ்’ வரிசையை வரைந்த அமெரிக்கர் ஜார்ஜ் ஓ’கானரும் 2012இல் வந்த ‘ஹேடிஸ்’ தொகுதியில் பெண்ணை அம்மாவோடு மல்லுக்கட்டும் பருவத்தினளாகவே காட்டினார். காரணம் புரியாமல் இல்லை. தூக்கிப்போனவனைக் காதலனாக்க வேண்டுமென்றால், தூக்கிப்போனதை விடுதலையாக்க வேண்டும். விடுதலையென்றால் ஒரு சிறை வேண்டும். தாய்வீடு அகப்பட்டது. பலவந்தத்தை ஸ்மைத் மறைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதை இன்னொரு கடவுளான அப்போலோவின் தலையில் ஏற்றி, அந்தப் பெண் அதிலிருந்து மீளும் நீண்ட போராட்டத்தை அவசரப்படாமல் வரைந்திருக்கிறார். தொடரின் ஆகச் சிறந்த பகுதிகள் அவை. ஆனால் குற்றம் கைமாறியதில் இரண்டு பேர் தப்பித்தார்கள்: ஹேடிஸ் ஒருவன், பெண்ணைக் கொடுத்த தகப்பன் இன்னொருவன்.

இந்தக் கடத்தலைக் காதலாகப் பார்ப்பது இந்தக் காலத்துக் கைவரிசை என்று சொல்வாரும் உண்டு, அது சரியில்லை. தென்னித்தாலியில் கிரேக்கர் குடியேறிய லோக்ரியில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் தேரில் கடத்தும் காட்சி. சிலவற்றில் பெர்செபொனி கையில் சேவலும் கதிருமாக ஹேடிஸின் பக்கத்தில் அரசியாக வீற்றிருக்கிறாள். அவ்வூர்ப் பெண்களுக்கு அவள் கல்யாணத் தெய்வம். ஆக, கதைக்கு இரண்டு முகமும் பழையவையே. டெமெட்டர் பாடலை ஏறத்தாழ முழுதாகத் தாங்கிய ஒரே கைப்பிரதி 1777இல் மாஸ்கோவில் அகப்படும்வரை ஐரோப்பியக் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் ரோமானியக் கவிஞர் ஓவிட்தான் கதி. இதே கடத்தலைக் காட்டி 1622இல் இத்தாலியச் சிற்பி பெர்னினி முடித்த பளிங்குச் சிலையில் கடத்துபவனின் விரல்கள் அவள் தொடையில் பதிந்திருக்கும். கல் சதையாகக் குழிந்திருக்கும். பார்ப்பவர் வியப்பது சிற்பியின் உளியை. அவள் கன்னத்தில் கண்ணீர் உருள்வதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மகள் விரும்பிப் போனாள் என்று சொல்ல, தாயைக் கெட்டவளாக்கித்தான் தீர வேண்டுமா? நம் அகப்பாட்டில், மகள் காதலனோடு கிளம்பிப் போகும் உடன்போக்குக்கு நற்றாய் புலம்பலும் செவிலி தேடிப் போவதும் தனித் துறைகளாகவே இருக்கின்றன. காதலும் மெய், பெற்றவள் வயிற்றெரிச்சலும் மெய். ஒன்றை ஒன்று பொய்யாக்குவதில்லை.

துதிப்பாடலிலேயே சித்திரக் கதைக்காரர்களுக்கு ஓர் இடம் காத்திருக்கிறது. தின்றால் பாதாளத்துக்கே திரும்ப வேண்டிவரும் மாதுளை விதையை ஹேடிஸ் யாரும் காணாமல் கள்ளத்தனமாகக் கொடுத்தான் என்கிறது பாடல். திரும்பி வந்த மகள் தாயிடம் அதையே சொல்லும்போது, வேண்டாம் என்றும் கேளாமல் வலுக்கட்டாயமாகத் தின்ன வைத்தான் என்கிறாள். நடந்ததே அதுவா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படிச் சொல்லத் தோன்றியதா? பாடல் விளக்கவில்லை. படத்தில் ஒன்றும் வசனக் குமிழில் வேறொன்றுமாக ஒரே கட்டத்தில் வைத்துவிடக் கூடியது காமிக்ஸ். உரைநடை இதற்குத் திணற வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்பவள் வெறும் கெடுபிடிக்காரியாக இருந்தால், அவளிடம் மகள் சொல்வதில் மெய்யெது பொய்யெது என்று வாசகர் ஏன் கவலைப்பட வேண்டும்?